ஹில்லெல், கோஷர், இஸ்ரேல் நிகழ்ச்சிகள்: அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் போகும் நம் பிள்ளைகளில் பலர் ஒரு யூதரை நேரில் பார்ப்பதே அங்கே போன பிறகுதான். ரூம்மேட்டாக, லேப் தோழராக, பேராசிரியராகச் சந்திக்கிறார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிய கையோடு சாப்பாடு, விடுமுறை, வெள்ளிக்கிழமை அழைப்பு என்று சந்தேகங்கள் வருகின்றன. 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலும் காசா போரும் தொடங்கிய பிறகு அரசியல் கேள்விகளும் சேர்ந்துகொண்டன. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

யூதர், இஸ்ரேலியர், சியோனிஸ்ட்: மூணும் ஒண்ணுதானே?

இல்லை. இது தெளிவானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யூதர் என்பது மதமும் பிறப்பும் கலந்த அடையாளம். பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்குப்படி அமெரிக்காவில் சுமார் 75 லட்சம் யூதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரியவர்களை எடுத்துக்கொண்டால் கால்வாசிக்கும் சற்று அதிகமானோர் தங்களுக்கு மதம் எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாமலே தன்னை யூதர் என்று சொல்லிக்கொள்பவர் அங்கே சர்வசாதாரணம்.

இஸ்ரேலியர் என்பது குடியுரிமை. இஸ்ரேல் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபு மக்கள். சியோனிசம் ஓர் அரசியல் கொள்கை. யூதர்களுக்கென்று அவர்களின் பூர்வீக மண்ணில் ஒரு நாடு வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1897இல் பாசெல் நகரில் கூடிய மாநாட்டில்தான் அது அமைப்பாகத் திரண்டது. அதை ஏற்காத யூதர்களும் உண்டு, ஏற்கும் கிறிஸ்தவர்களும் உண்டு. அதனால் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவரிடம் “உங்க நாட்டுல இப்போ போர் எப்படிப் போகுது?” என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

ஹில்லெல்னு ஒரு கட்டடம் இருக்கே, அது கோயிலா, ஹாஸ்டலா?

இரண்டும் இல்லை. யூத மாணவர்களுக்கான மையம். 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி, இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிறது. அது பிறந்த காலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1922இல் ஹார்வர்டின் தலைவர் லோவெல், யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட முயன்றார். வேறு பல பெரிய பல்கலைக்கழகங்களும் அப்போது யூதர்களுக்கான இடங்களைச் சத்தமில்லாமல் குறைத்தன. உள்ளே வந்த மாணவர்களும் சாதாரண மாணவர் சங்கங்களில் சேர முடியாமல் தங்களுக்கென்று தனிச் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். 1913இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா எப்சிலான் பை அப்படி வந்ததுதான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஹில்லெலுக்குத் தனிக் கட்டடமும் கோஷர் (யூத உணவு விதிப்படியான) உணவுக்கூடமும் இருக்கின்றன. சின்னக் கல்லூரிகளில் ஒரே ஓர் அலுவலக அறைதான் இருக்கும். வெள்ளி மாலை ஒரே கட்டடத்தில் ரிஃபார்ம் (விதிகளில் தளர்வானது), கன்சர்வேட்டிவ் (இடைப்பட்டது), ஆர்த்தடாக்ஸ் (கண்டிப்பானது) என மூன்று பிரிவினரும் தனித்தனி அறைகளில் வழிபடுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பெரும்பாலான ஹில்லெல்களில் உறுப்பினர் கட்டணம் கிடையாது. யூதர் அல்லாதவர் உள்ளே போனாலும் யாரும் தடுப்பதில்லை. ஆனால் இப்போது பல இடங்களில் வாசலில் காவலர் இருப்பார், மாணவர் அட்டையைக் காட்டவேண்டி வரும்.

ஹபாத் ஹவுஸ்னு இன்னொண்ணு சொல்றாங்களே?

2008 மும்பைத் தாக்குதலில் நரிமன் ஹவுஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு ஹபாத் இல்லம். நியூயார்க்கின் புரூக்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட லுபாவிச் ஹசிதிய இயக்கம் என்ற யூத மத இயக்கம் உலகம் முழுக்க இப்படி இல்லங்களை நடத்துகிறது. கல்லூரி மாணவர்களுக்கான முதல் இல்லம் 1969இல் லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் அருகே தொடங்கியது.

ஹில்லெல் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் நிறுவனம். ஹபாத் இல்லமோ ஒரு ராபியும் (யூத மதகுரு) அவர் மனைவியும் குழந்தைகளோடு குடியிருக்கும் வீடு. சாப்பாடு அந்த வீட்டு மேசையில்தான். நடைமுறை கண்டிப்பான ஆர்த்தடாக்ஸ் முறை, ஆனால் வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் அப்படி வாழ்பவர்கள் அல்லர். ஒன்று கவனம்: ராபி பெண்களோடு கைகுலுக்கமாட்டார், அவர் மனைவி ஆண்களோடு கைகுலுக்கமாட்டார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் யூதர் இல்லையே, போகலாமா? என்ன வாங்கிட்டுப் போறது?

தாராளமாகப் போகலாம். ஷப்பாத் என்கிற ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை சுமார் 25 மணி நேரம். வழக்கமாக மறைவுக்கு 18 நிமிடம் முன்பு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பாஸ்டனில் அது பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே வந்துவிடும். வெள்ளி மதிய லேபிலிருந்து உங்கள் நண்பர் அவசரமாகக் கிளம்புவது அதனால்தான்.

வீட்டில் சமைத்த எதையும் எடுத்துப் போகாதீர்கள். அம்மா அனுப்பிய முறுக்கானாலும் அந்தச் சமையலறைக்குள் அதற்கு இடமில்லை. பூங்கொத்து கொடுக்க நினைத்தால் வெள்ளி மாலை ஷப்பாத் தொடங்குவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். முத்திரையுள்ள, பிரிக்காத கோஷர் திராட்சை ரசமும் நல்லதுதான். மேசையில் திறந்திருக்கும் வைன் பாட்டிலை நீங்களாக எடுத்து ஊற்றவேண்டாம். சில வகை வைனை யூதர் அல்லாதவர் கையாண்டால் அவர்கள் குடிக்கமாட்டார்கள். கேட்டால் அவர்களே ஊற்றித் தருவார்கள்.

நடப்பது இதுதான். முதலில் ஒரு பாட்டு. பிறகு வைன் கோப்பையை ஏந்தி ஆசி, அப்போது எல்லோரும் எழுந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். அடுத்து இரண்டு கைப்பிடி வைத்த குவளையில் தண்ணீர் மொண்டு கை கழுவுவார்கள். கழுவியதிலிருந்து ரொட்டியை வாயில் வைக்கும்வரை யாரும் பேசமாட்டார்கள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்: எல்லோரும் திடீரென்று மௌனமாவதைப் பார்த்து, “ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?” என்று கேட்டுவிடுவார்கள். துணி மூடிய இரண்டு ஹல்லா ரொட்டிகளை வெட்டி, உப்பில் தொட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சும் சிரிப்பும். போனைப் பைக்குள்ளேயே வையுங்கள், போட்டோ எடுக்க வேண்டாம்.

நான் சுத்த சைவம். கோஷர்னா சைவம்தானே?

இல்லை. கோஷர் மாட்டிறைச்சி உண்டு, கோஷர் கோழி உண்டு. பன்றி, ஓட்டுடைய கடல் உயிர்கள் போன்றவைதான் கிடையாது. ஆனால் இறைச்சியையும் பாலையும் சேர்க்கக்கூடாது என்ற விதி நம் சைவர்களுக்கு ஒருவகையில் உதவும். பால் சமையலறையில் இறைச்சி நுழையாது. பொட்டலத்தில் வட்டத்துக்குள் ‘யு’ எழுத்தும் (இது ஒரு கோஷர் முத்திரை) பக்கத்தில் ‘டி’யும் இருந்தால் அது பால் வகை, இறைச்சி இருக்காது. ‘பாரெவ்’ என்று இருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை.

ஏமாறும் இடமும் இதுதான். முட்டையும் மீனும் பாரெவ் கணக்கில் வரும். மீன் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினைப் போட்டு கோஷர் முத்திரை வாங்கிய மிட்டாய்கள் உண்டு. ஆகவே முத்திரையைப் பார்த்துவிட்டு, பொருட்பட்டியலையும் படியுங்கள். முட்டை கூடாதென்றால் ஹல்லா ரொட்டியையும் விசாரித்துச் சாப்பிடுங்கள், பெரும்பாலும் முட்டை சேர்ந்திருக்கும்.

ரூம்மேட் கோஷர் பார்க்கிறவர். என் குக்கர், கடாய், மசாலா டப்பாவை எல்லாம் என்ன செய்றது?

முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். சூடுதான் முக்கியம். அவருடைய பாத்திரத்தில் நீங்கள் ஒருமுறை சூடாகச் சாம்பார் வைத்தால் கூட, சாம்பாரில் இறைச்சி இல்லையே என்ற சமாதானம் செல்லாது. அந்தப் பாத்திரத்தை மறுபடி பயன்படுத்தலாமா என்று அவர் ராபியிடம் கேட்கவேண்டி வரும். பாத்திரம், கரண்டி, தேய்க்கும் ஸ்பாஞ்ச் மூன்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிற டேப் ஒட்டிவிட்டால் குழப்பமில்லை. ஃப்ரிட்ஜில் தட்டுகளைப் பிரித்துக்கொண்டு, சிந்தக்கூடியதைக் கீழ்த்தட்டில் வையுங்கள். மைக்ரோவேவ் பொது என்றால் அவர் தன் உணவை இரண்டு உறைக்குள் மூடிச் சூடுபண்ணிக்கொள்வார்.

எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பெசாக் பண்டிகையின் எட்டு நாளும் வேறு கதை. கோதுமை, பார்லி, ஓட்ஸ் கலந்து புளித்த எதுவும் அவர் வசம் இருக்கக்கூடாது. உங்கள் ரவை, மைதா, பிரெட் எல்லாவற்றையும் ஒரு மூடிய அலமாரிக்குள் தள்ளுங்கள். பெருங்காயத்தை மறந்துவிடாதீர்கள்! கடையில் விற்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசியும் பருப்பும் யாரைப் பொறுத்து என்பது முக்கியம். ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசிகளில் பலர் அந்த எட்டு நாள் அவற்றைச் சாப்பிடமாட்டார்கள், மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினரில் பலர் சாப்பிடுவார்கள். 2015இல் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு அஷ்கனாசிகளுக்கும் அனுமதி கொடுத்தது. எனவே நேராகக் கேட்டுவிடுவதே வழி.

சனிக்கிழமை “ரூம் இருட்டா இருக்கே”னு மட்டும் சொல்லிட்டு நிக்கிறார். லைட்டைப் போடுனு நேரா சொன்னா என்ன?

அவரால் சொல்ல முடியாது. ஷப்பாத்தில் மின்சாரத்தை இயக்கக்கூடாது, பிறரை இயக்கச் சொல்வதும் கூடாது. உங்களுக்குத் தேவையென்று நீங்களே விளக்கைப் போட்டுக்கொண்டால் அந்த வெளிச்சத்தில் அவரும் இருக்கலாம். முக்கியமான உதவி இதற்கு நேர்மாறானது: வெள்ளி இரவு குளியலறை விளக்கைப் பழக்கதோஷத்தில் அணைத்துவிடாதீர்கள். அவர் வேண்டுமென்றேதான் எரியவிட்டிருப்பார். அணைத்தால் சனி இரவுவரை இருட்டுதான்.

அட்டை தேய்த்துத் திறக்கும் கதவும் இவர்களுக்குப் பெரிய தொல்லை. சில பல்கலைக்கழகங்கள் கேட்டால் சாதாரணச் சாவியோ கீழ்த்தள அறையோ கொடுக்கும். குழு ப்ராஜெக்ட் சந்திப்பைச் சனிக்கிழமை வைத்தால் அவர் போனைக்கூட எடுக்கமாட்டார், ஞாயிறு வையுங்கள். ஒருவேளை உங்களுக்கு உடம்பு மோசமாகி உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் அவரே தயங்காமல் 911க்கு அழைப்பார். உயிரைக் காப்பதற்கு முன் ஷப்பாத் விதி நிற்காது. இவ்வளவும் கடைப்பிடிப்பவர்களுக்குத்தான். சனிக்கிழமை காரோட்டிக்கொண்டு கடைக்குப் போகும் யூத மாணவர்களும் ஏராளம்.

நான் டி.ஏ. (பேராசிரியருக்குப் பாடம் நடத்த உதவும் மாணவர்). எந்தெந்த நாளில் தேர்வு வைக்கக்கூடாது?

யூத நாள்காட்டி சந்திரனை வைத்து ஓடுவது. 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்த்துச் சரிசெய்வார்கள். அதனால் தேதி ஆண்டுதோறும் நகரும்: பெசாக் 2026இல் ஏப்ரல் 1 மாலை, 2027இல் ஏப்ரல் 21 மாலை. எல்லாமே முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும் என்பதைத்தான் பாடத்திட்டம் போடுபவர்கள் மறக்கிறார்கள். முந்தைய இரவு 11.59 என்று கெடு வைத்தாலும் சிக்கல்தான்.

2026 இலையுதிர் பருவத்தில் ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) செப்டம்பர் 11 மாலை முதல் 13 இரவுவரை, யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) 20 மாலை முதல் 21 இரவுவரை. யோம் கிப்பூர் தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு. அதற்கு “ஹேப்பி” போட்டு வாழ்த்துச் சொல்லாதீர்கள், நோன்பு சிரமமில்லாமல் கழியட்டும் என்பதே வழக்கம். சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகையின் முதல் இரண்டு நாளும், அந்தப் பண்டிகைக் காலத்தின் கடைசி இரண்டு நாளும் கடைப்பிடிப்பவர்களுக்கு ஷப்பாத் மாதிரிதான். ஹனுக்கா எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் அதற்கு யாரும் விடுப்பு எடுக்கவேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தில் கல்விச் சட்டத்தின் 224-ஏ பிரிவே மத நாளுக்காக வராத மாணவருக்கு மாற்றுத் தேர்வு தரவேண்டும் என்கிறது. வேறு மாநிலங்களில் பல்கலைக்கழக விதியைப் பாருங்கள்.

இஸ்ரேல் நிகழ்ச்சினு போஸ்டர் ஒட்டியிருக்காங்க. அங்க என்ன நடக்கும்?

போஸ்டரின் அடியில் யார் நடத்துகிறார்கள் என்ற வரியை முதலில் படியுங்கள். பல்கலைக்கழகத் துறை நடத்துவதென்றால் அது கல்விக் கருத்தரங்கம். ஹில்லெல் என்றால் சமூக நிகழ்ச்சி: ஹீப்ரு பேசிப் பழகும் மேசை, ஃபலாஃபல் இரவு, இஸ்ரேலிய எழுத்தாளரோடு சந்திப்பு. வெளியிலுள்ள ஆதரவு அமைப்புகள் நடத்துவது பெரும்பாலும் பிரசாரக் கூட்டம். பல ஹில்லெல்களில் ‘இஸ்ரேல் ஃபெல்லோ’ என்று ஓர் இளைஞர் இருப்பார். ராணுவ சேவை முடித்த இவர்களை அனுப்புவது, உலக யூதர்களை இஸ்ரேலோடு இணைக்கும் அமைப்பான யூத ஏஜென்சி.

வசந்தப் பருவத்தில் ஒரு மாலை யோம் ஹஸிக்கரோன், மறைந்த வீரர்களுக்கும் தாக்குதல்களில் பலியானவர்களுக்கும் அஞ்சலி. அது முடிந்த கையோடு யோம் ஹாட்ஸ்மாவுத், 1948 சுதந்திரத்தின் கொண்டாட்டம். நீலமும் வெள்ளையுமாகப் புல்வெளி நிறைந்திருக்கும். அதே நிகழ்வைப் பாலஸ்தீனர்கள் நக்பா, பேரழிவு, என்று நினைவுகூர்கிறார்கள். அதனால் எதிர்ப்புத் தெரிவிப்பவர்களும் பக்கத்திலேயே நிற்பார்கள். பேச்சாளர் கூட்டங்களுக்கு இப்போது பெரும்பாலும் முன்பதிவும் பைச் சோதனையும் உண்டு. வாசலுக்கு வெளியே பதாகை பிடிப்பதும், உள்ளே போய்ப் பேச்சாளரைப் பேசவிடாமல் கத்துவதும் பல்கலைக்கழக விதிப்படி ஒன்றல்ல. இரண்டாவதற்கு ஒழுங்கு நடவடிக்கை வரும்.

பர்த்ரைட்னு இலவசமா இஸ்ரேல் கூட்டிட்டுப் போறாங்களாமே, நானும் போகலாமா?

அது யூத இளைஞர்களுக்கு மட்டும். 1999 டிசம்பரில் முதல் குழு போனது. சார்ல்ஸ் பிரான்ஃப்மன், மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் என்ற கொடையாளர்கள் தொடங்கினார்கள், இஸ்ரேல் அரசும் பணம் போடுகிறது. 18 முதல் 26 வயதுவரை உள்ளவர்களுக்கு வழக்கமாகப் பத்து நாள்: எருசலேம், மசாதா கோட்டை, சாக்கடல், யூதப் படுகொலைக்கான யாத் வஷேம் நினைவகம். இஸ்ரேலிய இளைஞர்கள் சிலரும் கூடவே பயணம் செய்வார்கள். பாலஸ்தீனர் பக்கத்தைக் காட்டுவதில்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. 2018இல் சில மாணவர்கள் பயணத்தின் நடுவிலேயே வெளியேறினார்கள். 2025 ஜூனில் ஈரானோடு போர் மூண்டு விமானங்கள் நின்றபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் சைப்ரஸுக்குக் கொண்டுபோனார்கள். இதையும் மனதில் வையுங்கள்.

யூதர் அல்லாத மாணவர் தலைவர்களுக்கென்று தனிப் பயணங்கள் உண்டு. அழைப்பு வந்தால் யார் செலவு, யாரையெல்லாம் சந்திக்க வைக்கிறார்கள், மேற்குக் கரைக்கும் போகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இஸ்ரேல் விசா வேண்டும். அமெரிக்கா திரும்ப எஃப்-1 என்ற மாணவர் விசா செல்லுபடியாக இருக்கவேண்டும், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் ஓராண்டுக்குள் போட்ட பயணக் கையெழுத்தும் வேண்டும். இஸ்ரேல் போனதற்கான அடையாளம் இருந்தால் லெபனான், ஈரான் போன்ற நாடுகள் நுழையவிடாது.

ஹில்லெல் போனாலே இஸ்ரேல் அரசை ஆதரிக்கிற மாதிரியா?

சாப்பிடப் போனால் சாப்பிடப் போனதுதான். ஆனால் நிறுவனத்துக்கு ஒரு நிலைப்பாடு இருக்கிறது என்பதை மறைக்கவும் வேண்டாம். யூத, ஜனநாயக நாடாக இஸ்ரேல் இருக்கும் உரிமையை மறுப்பவர்களையும், அதன் மீதான புறக்கணிப்பு இயக்கத்தை ஆதரிப்பவர்களையும் மேடையேற்றுவதில்லை என்பது ஹில்லெலின் விதி. அதை எதிர்த்து 2013இல் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஹில்லெல் மாணவர்கள் எல்லோரையும் அழைப்போம் என்று அறிவித்தார்கள். 2015இல் ஹில்லெல் என்ற பெயரையே விட்டுவிட்டார்கள்.

2024 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலஸ்தீன ஆதரவுக் கூடாரங்கள் எழுந்தபோது அதற்குள்ளேயே யூத மாணவர்கள் பெசாக் விருந்து நடத்தினார்கள். அதே வளாகத்தில் தலைக்குல்லாவைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு வகுப்புக்குப் போன யூத மாணவர்களும் இருந்தார்கள். இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை இல்லையென்று வாதாடுபவர்களை நம்பாதீர்கள்.

இஸ்ரேலை விமர்சிச்சா யூத வெறுப்புனு சொல்லிடுவாங்களா?

இதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. 2016இல் சர்வதேச ஹோலகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூதப் படுகொலை) நினைவுக் கூட்டணி யூத வெறுப்புக்கு ஒரு வரையறை தந்தது. அதன் 11 எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இஸ்ரேல் தொடர்பானவை. அது விமர்சனத்தை நெரிக்கிறது என்று சொல்லி 2021இல் வேறு அறிஞர்கள் எருசலேம் பிரகடனம் என்ற மாற்றை வெளியிட்டார்கள். 2025 ஜனவரியில் ஒரு வழக்குச் சமரசத்தில் ஹார்வர்ட் முதல் வரையறையை ஏற்றது. உங்கள் பல்கலைக்கழகம் எதை வைத்திருக்கிறது என்று நடத்தை விதிகளில் பாருங்கள்.

அன்றாட நடைமுறைக்கு ஓர் அளவுகோல்: முதல் கேள்விக்கான பதிலில் பிரித்துக் காட்டிய மூன்றையும் குழப்பாமல் பேசுங்கள். ஓர் அரசின் குண்டுவீச்சைக் கண்டிப்பது விமர்சனம். அதற்காகத் தலைக்குல்லா போட்ட மாணவரை வழிமறித்து விளக்கம் கேட்பது துன்புறுத்தல். 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு இதற்குப் பொருந்தும். அதே சட்டம் அரபு மாணவருக்கும் நமக்கும் கூடப் பாதுகாப்பு.

போராட்டத்துக்குக் கூப்பிடுறாங்க. நான் எஃப்-1. போனா விசா போயிடுமா?

போகாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை, ஆனால் ஆபத்து எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எஃப்-1 தகுதி முழுநேரப் படிப்பில் தொங்குகிறது. கூடாரம் அடித்ததற்காகப் பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தால் பதிவு நின்றுவிடும், அதோடு செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு) பதிவும் முடிக்கப்படலாம். கைதே ஆகாதவருக்கும் இது நேரலாம். இரண்டாவது வழி: 2025இல் அமெரிக்க வெளியுறவுத் துறை பாலஸ்தீன ஆதரவுச் செயல்பாடுகளைக் காரணம் காட்டிப் பல மாணவர்களின் விசாவை ரத்து செய்தது. அவர்களில் இந்தியர்களும் உண்டு.

விசா ரத்தானதும் செவிஸ் பதிவு முடிந்ததும் ஒன்றல்ல. முதலாவது மறுபடி நாட்டுக்குள் நுழைவதைப் பாதிக்கும், இரண்டாவது இப்போது தங்கியிருப்பதையே பாதிக்கும். எந்த மின்னஞ்சல் வந்தாலும் அன்றைக்கே சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் ஒரு குடிவரவு வழக்கறிஞரையும் பாருங்கள். பதறி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

தீபாவளிக்கு வாசலில் ஸ்வஸ்திகா கோலம் போட்டேன், புகார் பண்ணிட்டாங்க. நம்ம மங்கலச் சின்னம்தானே?

ஆமாம். ஆனால் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது நாஜிக் கொடியிலிருந்த அதே வடிவத்தின் கீழ். நடைபாதையில் கடந்துபோகிறவருக்கு, அது சாய்ந்திருக்கிறதா, புள்ளி வைத்திருக்கிறதா என்று பார்க்க அவகாசம் இருக்காது. 2015இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், இந்தியாவிலிருந்து ஸ்வஸ்திகா வாங்கிவந்து விடுதி அறிவிப்புப் பலகையில் மாட்டிய மாணவர் இடைநீக்கம் ஆனார், அவரே ஒரு யூதர். கலிஃபோர்னியாவின் 2022 சட்டம் நாஜிச் சின்னத்தையும் இந்து, பௌத்த, சமண ஸ்வஸ்திகாவையும் வேறுவேறாகவே பார்க்கிறது.

அறைக்குள் பூஜையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்குப் புள்ளிக்கோலமும் விளக்கும் போதும். பொது இடத்தில் போட்டே ஆகவேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு ஒட்டி, விடுதிப் பொறுப்பாளருக்கும் ஹில்லெல் அலுவலகத்துக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். புகார் வந்துவிட்டால் உடனே அழித்துவிட்டு, அன்றே எழுத்தில் விளக்கம் கொடுங்கள். நம் ஊரில் கண்டிப்பான ஆசிரியரை “ஹிட்லர்” என்று சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அதையும் விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். அந்த வகுப்பில் தாத்தா பாட்டியின் உடன்பிறந்தவர்களை வதைமுகாமில் இழந்தவர் உட்கார்ந்திருப்பார்.